எட்டாம் பாகம்

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தென்காசியை அடுத்த மேலகரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் 'நெடுவெளி' என்ற அறிவியல் தொடர்கதையின் ஏழாம் பாகம் கடைசிப் பக்கம் வரை வாசிக்கப்பட்டது. கதை முடியவில்லை.

"மேல படிங்க," என்றாள் முத்துவடிவு.

கோமதிசங்கர் தாளைத் திருப்பினார். பின்னட்டை வந்தது. ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். பிரிவதற்கு ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதான் போட்டிருக்கு."

"அப்பாவைத் தரையில நிக்க வச்சுட்டு அந்தப் புள்ள ராக்கெட்டுல ஏறிப் போயிட்டா. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முத்துவடிவு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்தாள். "மாவு இருக்கு. பசிச்சா தோசை ஊத்திக்கிடலாம்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

பேச்சு மறுபடி சுவருக்குப் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் மகள் அபி, கூட வேலை பார்த்த பையனைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு புனேக்குப் போனாள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிசங்கர், வாசலில் நின்று, "இனிமே இந்த நடைய மிதிக்கப்படாது," என்று சொன்னார். அவள் மிதிக்கவில்லை. அன்றிலிருந்து மனைவி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை கிடையாது, முகம் திருப்பல் கிடையாது. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு", "கரண்டு பில்லு வந்திருக்கு", "மாத்திர தீந்துட்டு" என்று தகவல்களைச் சுவருக்கோ ஃப்ரிட்ஜுக்கோ சொல்லுவாள். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில நாள் ஃப்ரிட்ஜின் மேல் அவருக்குப் பொறாமைகூட வந்தது.

மே மாதம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்கு டிவியும் போனும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவளிடம், ஏதாவது வாசித்துக் காட்டட்டுமா என்று கோமதிசங்கர் கேட்டார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு விண்கலம், வேற்றுக் கிரகம் என்றால் உயிர். வேறு எதையும் அவர் வாசித்ததில்லை.

முத்துவடிவு ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள்: "முடிஞ்ச தொடரா இருந்தா வாசிக்கலாம். பாதியில நிக்கிதது இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

முடிந்த தொடர் என்பது அவ்வளவு லேசில் கிடைக்கிற சரக்கு இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் வீட்டு அலமாரியில் இருந்த தொடர்களில் ஒன்று மூன்றாம் பாகத்தோடு நின்றிருந்தது, எழுதியவர் இறந்துவிட்டார். இன்னொன்றின் மொழிபெயர்ப்பாளர் இரண்டு பாகம் முடித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். வாரப் பத்திரிகையில் வந்து அவர் வெட்டிச் சேர்த்த ஒரு தொடர், செவ்வாய்க் கிரகத்துக்குள் இறங்குகிற இடத்தில் பத்திரிகையே மூடப்பட்டதால் இன்றுவரை இறங்கவில்லை. செல்போனில் ஒரு தொடர் கிடைத்தது. அதை எழுதுகிறவர் ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் நிறைய பேர் கைதட்டினால்தான் அடுத்தது வரும் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பதினான்கு பாகமும் வந்து முடிந்த ஒரு ஆங்கிலத் தொடரும் இருந்தது. அதை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டியபோது முத்துவடிவு தூங்கிவிட்டாள். கோமதிசங்கரும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

கடைசியில் தென்காசி ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் சுடலைக்கண்ணு, சணல் போட்டுக் கட்டிய ஒரு கட்டை இறக்கிக் கொடுத்தார்.

"ஏழு புஸ்தகம் அண்ணாச்சி. ஏழோட முடிஞ்சிட்டு. இதுக்கு மேல ஒரு வரி கெடையாது. நான் கேரண்டி."

ஏழு அட்டையிலும் ஒரே ராக்கெட் படம். படத்துக்கு மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு எண். எழுதியவர் வான்மதி நேசன். எல்லாமே 2009இல் ஒரே அச்சகத்தில் ஒரே மூச்சில் அடித்தவை. கோமதிசங்கர் 1 என்று போட்டிருந்ததை எடுத்து ஆரம்பித்தார்.

முன்கதை எதுவும் சொல்லாமல், நரைத்த தலையோடு வேலம்மை என்ற விண்கப்பல் தலைவி வேற்றுக் கிரகத்து ஊதா மண்ணில் நடப்பதில் கதை தொடங்கியது. நடுவில் ஆரம்பிப்பதுதான் இந்த வகைக் கதைகளின் அழகு என்று கோமதிசங்கர் விளக்கம் சொன்னார். பாகம் முடிவதற்குள் வேலம்மை செத்துப்போனாள். அந்த மண்ணிலேயே அவளைப் புதைத்தார்கள்.

"ஆரம்பத்துலயே சாகடிச்சுட்டானே," என்று முத்துவடிவு சுவரிடம் அலுத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாகத்தில் வேலம்மை எழுந்து நடந்தாள். முத்துவடிவு சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

"செத்தவ எப்படிங்க வந்தா?"

இரண்டு வருடத்தில் அவர் முகத்துக்கு நேராக வந்த முதல் கேள்வி அது. கோமதிசங்கர் உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னார். "ஒளிய விட வேகமாப் போனா காலம் திரும்பி ஓடும். அங்கன எல்லாம் பின்னோக்கிப் போவுது. செத்தவ எந்திரிப்பா, கிழவி குமரி ஆவா. எவ்வளவு பெரிய மூளைக்காரன் பாரு, நம்ம தமிழ்ல இப்பிடி ஒருத்தன் எழுதியிருக்கான்."

அதன்பிறகு வீட்டில் பேச்சு ஓடியது. வேலம்மை பாகத்துக்குப் பாகம் இளமையானாள். உடைந்த கப்பல் புதிதானது. கிரகங்களைத் தாண்டித் தாண்டிப் பூமி பக்கம் நெருங்கிக்கொண்டே வந்தாள். ஏழாம் பாகத்தில் பதினேழு வயதுப் பெண்ணாக மலையடிவாரத்துச் சொந்த ஊரில், அப்பா வெல்டிங் வைக்கிற கூடத்தில் நின்றாள். முத்துவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பிடியும் வந்து சேந்துட்டா, பாத்தீயளா," என்றாள். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் ராக்கெட்டில் ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை கோமதிசங்கர் சுடலைக்கண்ணு கடையில் நின்றார்.

"ஏழோட முடிஞ்சிட்டுன்னீரே வே. முடியலயே."

"நான் படிச்சா விக்கேன் அண்ணாச்சி? ஏழு புஸ்தகம் வந்திருக்குன்னா ஏழோட முடிஞ்சிட்டுன்னுதான அர்த்தம்?"

"எட்டு எங்க?"

"எட்டு இருந்தா எட்டா வித்திருப்பேன். எழுதுனவரு கடையநல்லூர்லதான் இருக்காரு. சேக் தாவூதுன்னு பேரு. வான்மதி நேசனெல்லாம் அட்டைக்கு. அவரு வீட்டுல பரணைக் காலி பண்ணும்போதுதான் எடை போட்டு எடுத்தேன். நம்பர் தாரேன், நீங்களே கேட்டுக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் நின்று போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"அவுக தொழப் போயிருக்காக. நான் வீட்டுல பேசுதேன், பாத்திமுத்து. நீங்க யாரு?"

"மேலகரத்துல இருந்து கோமதிசங்கர்மா. முடியல. அதான் கேக்கலாம்னு."

"அல்லா. யாருக்கு முடியல?"

"எனக்குப் பரவாயில்ல, பொறுத்துக்கிடுவேன். எங்க வீட்டுலதான் ரொம்பத் தவிக்கா. ஏழோட நின்னுட்டு. அதுக்கு மேல ஏறல."

"ரத்தம் ஏழா? எங்க மவ சாஜிதாவுக்குப் பேறுகாலத்துல எட்டு இருந்ததுக்கே டாக்டரம்மா சத்தம் போட்டாகளே."

கோமதிசங்கர் காதில் கடைசிப் பாதிதான் விழுந்தது. "எட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொறவு விடாமப் பாத்துப் பதினொண்ணு வரைக்கும் கொண்டு வந்துட்டோம்."

"பதினொண்ணு வரைக்கும் வந்திருக்கா," என்றார். இன்னும் நான்கு பாகம். மழைக்காலம் தாண்டும்.

"எல்லாம் பேரீச்சம்பழம்தான் அண்ணாச்சி. காலையில அஞ்சு, ராத்திரி அஞ்சு."

கோமதிசங்கர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, தான் போன் செய்தது கதைக்காக என்றார். மனைவிக்கு வாசித்துக் காட்டியதையும், முடிவு தெரியாமல் அவள் உட்கார்ந்திருப்பதையும் சொன்னார்.

மறுமுனையில் பாத்திமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "முடியாமக் கெடக்குத நேரத்துல அவுக கதையவா கேட்டாக? பதினாலு வருசமாச்சு அண்ணாச்சி, அந்தக் கதையப் பத்தி ஒரு ஆளு ஒரு வார்த்த கேட்டதில்ல. சவுதியில வாச்மேன் வேலை பாத்துக்கிட்டே எழுதுனாக. ஊருக்கு வந்து கையில இருந்ததெல்லாம் போட்டு அடிச்சாக. கடைசியில சுடலைக்கண்ணு வண்டியில ஏத்தும்போது வீட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டாக. சனிக்கெழம நாங்க ரெண்டு பேருமா வந்து உங்க வீட்டுல அவுகளப் பாக்கோம். அவுக வாயாலயே முடிவச் சொல்லட்டும்."

யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். கோமதிசங்கர் வாயைத் திறக்கவும் செய்தார். நோயாளி இல்லையென்றால் அவர்கள் வருவார்களா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது.

"வாங்க," என்றார்.

வீட்டுக்கு வந்தால் நன்றாக நடமாடுகிற முத்துவடிவைப் பார்த்துவிடுவார்கள். அதனால் எழுத்தாளரைக் குற்றாலத்தில் வைத்துச் சந்திப்பது என்று முடிவு செய்தார். காற்று மாற்றத்துக்கு மனைவியை அங்கே கொண்டு வைத்திருப்பதாகவும், இப்போது தூங்குகிறாள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். முடிவைக் கேட்டு வந்து தானே எட்டாம் பாகம் என்று எழுதி வாசித்துவிடலாம். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற மைத்துனன் குற்றாலீஸ்வரனுக்குப் போன் போட்டார். சீசன் நேரம். போனில் பின்னணியாகச் சாரல் மழையும் பஸ் ஹாரனும் கேரளக்காரர்கள் கூட்டமும் கேட்டன.

"மாப்ளே, சனிக்கெழம ஒரு ரூம் வேணும்."

"சீசன்ல சனிக்கெழம ரூமா? என்ன அத்தான் நீங்க. யாருக்கு?"

"கடையநல்லூர்ல இருந்து ஒரு பெரிய ஆளு வாராரு. உங்க அக்கா விஷயமா. வீட்டுல முடியாது, அதான்."

"என்ன அத்தான்? சத்தமா இருக்கு. வீட்டுல முடியலயா?"

"ஆமா, வீட்டுல முடியாது."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே முடியாதுடே. அவ சம்மதிக்க மாட்டா."

"சம்மதிக்க மாட்டாளா? இந்த நேரத்துல அவகிட்ட என்ன சம்மதம் கேக்கிதீய? வாரவரு நல்லாப் பாப்பாரா?"

"இவர மாதிரி இந்தியாவுல இன்னொருத்தரு கெடையாது."

"அப்ப ரூம் இருக்கு," என்றான் குற்றாலீஸ்வரன். குரல் கரகரத்தது. "நீங்க தைரியமா இருங்க அத்தான்."

ஒரு ரூமுக்கு இவ்வளவு தைரியம் எதற்கு என்று கோமதிசங்கருக்குப் புரியவில்லை. சீசன் கெடுபிடி என்று நினைத்துக்கொண்டு, பாத்திமுத்துவை மறுபடி கூப்பிட்டு லாட்ஜுக்கு வரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை சட்டையைப் போட்டுக்கொண்டு, "குற்றாலம் வரைக்கும் போயிட்டு வாரது," என்று அவரும் சுவரிடம் சொன்னார். கடந்த ஒரு வாரத்தில் அவருக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது. செருப்பை மாட்டும்போது வாசலில் ஆட்டோ நின்றது. வீரகேரளம்புதூரில் இருக்கும் முத்துவடிவின் சித்தி ரெங்கம்மாள், ஒரு பை ஆப்பிளும் இரண்டு பாட்டில் சத்துமாவுமாக இறங்கினாள். இறங்கும்போதே முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

முத்துவடிவு துருவின தேங்காய்மூடியோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி வடிவு, எந்திரிச்சு நடக்கியா?"

"நடக்காம எப்படிச் சித்தி கறி வைக்க?"

"கறி வேற வைக்கியா?" ரெங்கம்மாள் கோமதிசங்கரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். "முடியாதவளை அடுப்படியில நிக்க விட்டுட்டு நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு எங்க மருமவனே கெளம்பிட்டீய?"

"யாருக்கு முடியல?" என்று கேட்டாள் முத்துவடிவு.

"சொல்லாம வச்சிருக்காவளா? நான்தான் ஒளறிட்டனா?" ரெங்கம்மாள் ஆப்பிள் பையோடு முன்னறையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "குற்றாலீசு நேத்துதான் சொன்னான். இந்தியாவுலயே ஒரே டாக்டராம். அவரு வந்து பாக்காராம்."

கோமதிசங்கர் குற்றாலத்துக்குப் போக முடியவில்லை. ரெங்கம்மாள் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தாள். குற்றாலீஸ்வரன் போனை எடுக்கவில்லை. எடுக்காத காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவன் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். லாட்ஜில் வந்து காத்திருந்த கடையநல்லூர்க்காரர்களையும் கூட்டி வந்திருந்தான். பின் கதவைத் திறந்து, குடை பிடித்து, வெள்ளைச் சட்டையும் கட்டம்போட்ட கைலியுமாக ஒல்லியான ஒருவரை இறக்கினான். கூடவே பேரீச்சம்பழ டப்பாவோடு பாத்திமுத்து இறங்கினாள்.

"அக்கா, ஏன் நிக்க? படு," என்றான் குற்றாலீஸ்வரன். "ரத்தம் ஏழுதானாம்லா. வர்ற வழியில இந்த அக்காதான் சொன்னாவ. ஏழுல ஒருத்தி நிக்கலாமா?"

"ஏழா?" என்று ரெங்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

"டாக்டர், நீங்க நாடியப் பாருங்க," என்றான் குற்றாலீஸ்வரன்.

சேக் தாவூது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தம்பி, நான் வழியெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் வாரேன். நான் டாக்டர் இல்ல. தம்மாமுல ஒரு குடோனுக்கு வாச்மேனா இருந்தேன்."

"பெரிய ஆளுக இப்பிடித்தான் சொல்லுவாவ," என்றான் குற்றாலீஸ்வரன்.

முத்துவடிவு எல்லோரையும் பார்த்தாள். ஆப்பிளைப் பார்த்தாள். பேரீச்சம்பழத்தைப் பார்த்தாள். கடைசியாகக் கணவரைப் பார்த்தாள். "என்ன சொல்லி வச்சிருக்கீய?" என்றாள். சுவரிடம் இல்லை, அவரிடமே கேட்டாள். ஆனாலும் அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றார் கோமதிசங்கர். "கதைதான் முடியல. நான் அதத்தான் முடியலன்னு சொன்னேன். கேட்டவங்க எல்லாரும் உன்னைன்னு நெனச்சுட்டாவ. நானும் மாத்திச் சொல்லல."

"வீட்டுல முடியலன்னீயளே," என்றான் குற்றாலீஸ்வரன்.

"வீட்டுல முடியாதுன்னு சொன்னேன். வீட்டுல வச்சுப் பேச முடியாதுன்னு."

"வீட்டுலன்னா அக்கான்னுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப ரத்தம்?" என்றாள் ரெங்கம்மாள். "பதிமூணு இருக்கு," என்றாள் முத்துவடிவு. "ஆபரேசனுக்கு முன்னாடி பாத்தது." பாத்திமுத்து பேரீச்சம்பழ டப்பாவை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. குற்றாலீஸ்வரன் மட்டும் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நான் அபிக்கும்லா சொல்லிட்டேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. திருவனந்தபுரம் நம்பர் போட்ட டாக்ஸி ஒன்று தெருமுனையில் திரும்பியது. அபி இறங்கினாள். ராத்திரி விமானத்தில் வந்த முகம். நடை வரைக்கும் ஓடி வந்தவள், நடைக்கு வெளியே ஒரு அடி தள்ளி நின்றுவிட்டாள். சாரல் அடித்தது.

"அம்மா எங்க? ஐசியூவா?"

முத்துவடிவு வெளியே வந்தாள். அபி அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளைத் தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். குற்றாலீஸ்வரன் எட்ட நின்றே நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அபியின் அழுகை நின்றது.

"கதைப் புஸ்தகத்துக்கா? ஒரு கதைப் புஸ்தகத்துக்கா என்னை ராத்திரியெல்லாம் அழ வச்சீங்க?"

கோமதிசங்கர் நடையின் உள்பக்கம் நின்றார். இரண்டு வருடமாக அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தை இரண்டே இரண்டு. உள்ள வா. அவர் வாசல் நிலையைப் பார்த்துச் சொன்னார்: "மழையில நனைய வேண்டாம்னு சொல்லு."

"யாருகிட்டம்மா சொல்லுதாரு?" என்று கேட்டாள் அபி.

முத்துவடிவு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் ஒரு பெரிய பை இருந்தது. அத்தனை சீக்கிரம் யாராலும் துணி எடுத்து வைக்க முடியாது. அது எப்போதோ கட்டி வைத்த பை. ரெங்கம்மாள் வழி மறித்து ஏதோ சொல்லப் போனாள். முத்துவடிவு அவள் தோளைத் தொட்டு நகர்த்தினாள்.

நடையைத் தாண்டின பிறகு திரும்பினாள். கணவரின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அந்தப் புள்ள அப்பாகிட்டத் திரும்பி வந்தாளா இல்லையான்னு அவருகிட்டக் கேட்டு வைங்க. தெரிஞ்ச உடனே எனக்குப் போன் போடுங்க."

"வந்திருந்தா?" என்று கேட்டார் கோமதிசங்கர்.

"போன் போடுங்க. அப்பப் பேசுவோம்."

டாக்ஸி போனது. குற்றாலீஸ்வரனுக்கு லாட்ஜிலிருந்து போன் மேல் போன் வந்ததால் அவனும் போனான். ரெங்கம்மாள் அடுப்படிக்குள் புகுந்து, பாதியில் கிடந்த கறியை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டாள். கோமதிசங்கர் ஏழு புத்தகத்தையும் கொண்டு வந்து சேக் தாவூது முன்னால் அடுக்கினார். ஒன்று மேலே, ஏழு அடியில்.

சேக் தாவூது அவற்றைத் தொடாமல் பார்த்தார். "ஏழும் படிச்சீயளா?" என்றார்.

"ஒரு வரி விடாம. உங்களுக்கு அருமை தெரியாதுங்க. செத்தவ எந்திரிச்சு வாரா பாருங்க, ரெண்டாம் பாகத்துல. உலகத்துல யாருக்கும் அந்த யோசன வரல. கிழவி குமரியாகி, அவ்வளவு தூரத்துல இருந்து பாகத்துக்குப் பாகம் வீட்டப் பாத்து வந்துக்கிட்டே இருக்கா. எங்க வீட்டுல அழுதுட்டா. நானும் அழுதேன், அவளுக்குத் தெரியாது. ஏழுல அப்பாகிட்ட வந்தே சேந்துட்டா. பொறவு எதுக்கு மறுபடி ஏத்தி அனுப்புனீய? எட்டுல எறங்கிருவாள்லா? அத மட்டும் சொல்லிருங்க. எழுதாட்டாலும் பரவாயில்ல, வாயால சொன்னாப் போதும்."

சேக் தாவூது வாயைத் திறந்தார். மேலே இருந்த ஒன்றாம் பாகத்தை எடுத்தார். கோமதிசங்கரின் முகத்தைப் பார்த்தார். தன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே வாசகர். புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டார். தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். சூடாக இருந்தது. கீழே வைத்தார்.

"நீ சொல்லு," என்றார் மனைவியிடம்.

பாத்திமுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணாச்சி, ராக்கெட்டு விடுதவன் ஏழு, ஆறு, அஞ்சுன்னு கீழ எறங்கித்தான எண்ணுவான்? ஏழுதான் முதப் பாகம், ஒண்ணுதான் கடைசி. நீங்க ஒண்ணுல ஆரம்பிச்சிருக்கீய. அந்தப் புள்ள வீட்ட விட்டுப் போறதுதான் கதையோட தொடக்கம்."

அன்று முத்துவடிவுக்குப் போன் எதுவும் போகவில்லை.